கால் படாத இடம்

புலம்பெயர்ந்து வந்து ரோவிலில் வீடு வாங்கிய காலத்திலிருந்து எனக்கென்று நான் ஆசைப்பட்ட ஒரே பொருள் வாசலில் நின்ற அந்தச் சிவப்பு இலை ஜப்பானிய மேப்பிள் மரம்தான். கார் என் மனைவி ரஞ்சினியின் விருப்பம். சோபா மகள் மயூராவின் விருப்பம். திரைச்சீலை யாருடைய விருப்பம் என்று இன்றுவரை தெரியாது. மரம் என்னுடையது. அதன் வேர் மேலோட்டமாக ஓடும், மண்ணை மிதித்து இறுக்கினால் ஆகாது என்று படித்துவிட்டு, சுற்றிவர முழங்கால் உயரத்துக்கு வேலியும் அடித்தேன். பார்சல் கொண்டு வருபவன்கூட அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை.

அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த மரம் இந்தக் கோடையில் கருகத் தொடங்கியது. முதலில் இலை நுனி பழுப்பானது. பிறகு ஓரமெல்லாம் சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இங்கே கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் அனல்காற்றின் வேலை என்றார் நர்சரிக்காரர். நிழல்வலை கட்டினேன். காற்று வலையைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு நரசிம்மனின் கூரையில் போட்டது. வலையைத் திருப்பித் தந்த நரசிம்மன், தண்ணீர் கூடிவிட்டது என்றார். குறைத்தேன். அடுத்த வாரம் அவரே வந்து, தண்ணீர் போதாது என்றார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மரம் ஒருவர் சொல்லையும் கேட்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் எரிச்சல்தான் வந்தது.

வீட்டில் கத்தவும் வழியில்லை. மயூராவுக்கு ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு தரம் கரு தங்கவில்லை. டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதால் எங்களோடு வந்து இருந்தாள். ஒரு கதவு அடித்துச் சாத்தினாலும் ரஞ்சினி ஓடிப்போய் அவளைப் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை காலை வேலிக்குள் இறங்கி, அடியில் பரப்பியிருந்த மரச்சீவலைக் கிளறினேன். கையில் ஒரு செத்தல் மிளகாய் வந்தது. இன்னும் கிளற இன்னும் மிளகாய். மண்ணில் வெள்ளையாக ஏதோ பொருக்குக் கட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு! தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக உப்பு அளந்தே சம்பளம் வாங்கியவன் நான். எனக்கே தெரியாமல் என் வீட்டு வாசலில் உப்பு!

"ரஞ்சினி!"

குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். என் கையிலிருந்த மிளகாயைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"பிள்ளைக்குக் கண்ணூறு கழிச்சது. முதல் நாள் அடுப்பிலதான் போட்டனான். புகை அலாம் கத்தி, அவள் நடுங்கிப்போனாள். பிறகு நான் என்ன செய்யிறது? கால் படாத இடத்திலதானே கொட்டவேணும்? இந்த வளவில கால் படாத இடம் இது ஒண்டுதான்."

"எப்ப தொடக்கம்?"

"அவள் வந்த நாள் தொடக்கம். ஒவ்வொரு பின்னேரமும். கரையவேணுமெண்டு தண்ணியும் ஊத்தினனான்."

"குப்பை வாளியில போட்டால் என்ன?"

"லொறி வருமட்டும் வீட்டுக்குள்ளதானே கிடக்கும்?"

"அப்ப குசினித் தொட்டியில ஊத்து!"

"கோப்பை கழுவுற இடத்திலயோ?"

எதைக் கேட்டாலும் கைவசம் ஒரு பதில் வைத்திருந்தாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"மரம் சாகுதெண்டு உமக்குத் தெரியேல்லையே?"

"தெரியும்" என்றாள். "பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஒவ்வொரு இலையும் கருகேக்க, அவளுக்கு வாறதை இது வாங்குதெண்டு நினைச்சன்."

மயூரா ஜன்னலைத் திறந்தாள். "அப்பா, ப்ளீஸ். இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரீ."

வெறும் மரமாம். எனக்கு அழுகை வந்தது. ரஞ்சினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இனி இதில கொட்டமாட்டன்" என்று உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மயூராவுக்கு ஸ்கான். ஞாயிறு பின்னேரம் ரஞ்சினி வழக்கம்போல உப்பையும் மிளகாயையும் பொத்திப் பிடித்து மகளின் தலையைச் சுற்றினாள். குசினிக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். பொத்திய கையை மட்டும் திறக்க முடியாமல் தொட்டியின் மேல் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் வீணாக ஓடியது.

ஒரு பிடி உப்புக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபம் கோபமாக வந்தது. யாரில் என்றுதான் தெரியவில்லை. குழாயை மூடினேன்.

"இஞ்ச தாரும்."

அவள் என்னைப் பார்த்தாள். உப்பையும் மிளகாயையும் என் கைக்கு மாற்றினாள்.

வேலியைத் தாண்டி உள்ளே போய், மரச்சீவலை விலக்கி, வேரடியிலேயே கொட்டினேன். வாளித் தண்ணீரை ஊற்றினேன். அது கல்லுப்பு, லேசில் கரையவில்லை. மண்ணில் குந்தியிருந்து, ஒவ்வொரு கல்லாக விரலால் தேய்த்துக் கரைத்தேன்.