திறக்க மறுத்த டிக்கி

செவ்வாய்க்கிழமை எங்கள் புல்வெளிச் சீமையில் யாரும் பயணம் கிளம்ப மாட்டார்கள். என் மாமியார் அதற்கும் ஒரு படி மேல். செவ்வாயன்று கோழிக்கூட்டைக்கூட இடம் மாற்றி வைக்க விடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் என் அறை வாசலில் வந்து நின்று, "கெளம்பும்மா, உங்க வீட்டுக்குப் போறோம்" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கல்யாணமாகி வந்த பெண் முதல்முறை பிறந்த வீட்டுக்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. புதன்கிழமையாகப் பார்த்து, வாய் தைத்த பையில் சீர் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரப் பெண்கள் வண்டி கொள்ளாமல் ஏறி, பாட்டும் கேலியுமாகப் போவார்கள். அதுவரை நான் போகக் கூடாது, என் வீட்டாரும் சும்மா வரக் கூடாது. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் தாண்டியும் என் பயணம் தள்ளிக்கொண்டே போனது. முதலில் ஆடு குட்டி போடும் காலம் என்றார்கள். அடுத்து புல் அறுப்பு. அப்புறம் மாமியாரின் தங்கைக்கு முழங்கால் வலி. முழங்கால் அவருடையது, பயணம் என்னுடையது, என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. தேநீரில் பால் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு மட்டும் பிறந்த ஊர் மெர்கெயில், அப்பாவிடம் இருந்தது.

அப்பாவுக்கு நான் ஐம்பது வயதுக்கு மேல் பிறந்தவள். கார்களின் பூட்டு, கதவு, கண்ணாடி இதெல்லாம் சரிசெய்வது அவர் தொழில். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராக அவருடைய கொட்டகைக்குத்தான் போவேன். அவர் விரல் நுழையாத இடங்களில் என் விரல் நுழையும். "உல்ஜான், உன் கைய வாடகைக்கு விடு" என்பார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் பேசும்போது அவரைக் கூப்பிடச் சொன்னேன். தூங்குகிறார் என்றாள். பட்டப்பகலில் தூங்குகிற ஆள் இல்லை அவர். திங்களன்று மறுபடி கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. இப்போது என் கைபேசியே காணவில்லை. தலையணைக்குக் கீழே வைத்தது. மாமியாரிடம் கேட்டால், எங்கேயாவது கிடக்கும், வந்து தேடிக்கொள்ளலாம் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வந்ததும் அட்டையாக ஒட்டிக்கொண்டது. என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

வயிற்றில் இன்னும் ஒன்றும் தங்கவில்லை என்று ஊரே பேசுவது எனக்கும் காதில் விழுந்திருந்தது. கிணற்றடித் தெருவில் ஒரு மருமகளை இப்படித்தான், அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நல்ல பேச்சாகப் பேசிக் கூட்டிப் போனார்கள். போய், பெட்டியோடு இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். என் புருஷன் மேற்கே எண்ணெய் வயலில் முறை வேலைக்குப் போயிருந்தான். மகன் இல்லாத நேரமாகப் பார்த்து வேலையை முடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. விடியுமுன் நான் விழித்துக் கிடந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் துணி கிழிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்யாணத்தன்று மணப்பெண்ணை மறைக்கக் கட்டி, நான் பின்னால் நின்ற பட்டுத்திரை மாமியாரின் பெட்டியில்தான் இருக்கிறது. கல்யாணமே இல்லை என்று ஆக்க அதைத்தான் கிழிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது.

முற்றத்தில் வண்டி தயாராக நின்றது. மாமா என்று நான் கூப்பிடும் என் மாமனாரின் வண்டி ஒரு பழைய நீளமான ஜெர்மன் கார். பின்பக்கம் கூரை முடியும்வரை இடம் இருக்கும். ஆடு, மாவு மூட்டை, ஒருமுறை கன்றுக்குட்டிகூட அதில் போயிருக்கிறது. என் பையை வைக்கப் பின்னால் போனேன். மாமா குறுக்கே வந்து நின்றார்.

"டிக்கி தெறக்காது. மாட்டிக்கிச்சு. பைய மடியில வச்சுக்க."

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. உள்ளே நல்ல பாரம். திறக்காத டிக்கிக்குள் இவ்வளவும் எப்படிப் போனது என்று கேட்டேன். ஏற்றி மூடிய பிறகு மாட்டிக்கொண்டது என்றார். மாமா எப்போதும் என்னைக் கிண்டல் செய்கிறவர். நான் சுடும் ரொட்டியை எடுத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம் என்பார். அன்று ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரு கனத்த போர்வையால் மூடி, ஓரங்களைச் செருகியிருந்தார்கள். கீழே இருப்பது என் சீர்ப்பெட்டி என்று முடிவே செய்துவிட்டேன்.

அது போதாதென்று சர்க்கரைவாய்த் தாத்தா வேறு வந்து முன்சீட்டில் ஏறினார். புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, ஆகவே எல்லோருக்கும் நான் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறேன். இவர் ஊரில் எது சொல்லக் கஷ்டமோ அதைச் சொல்வதற்கென்றே இருக்கிற ஆள். பெண் கேட்கவோ, மந்தைத் தகராறைத் தீர்க்கவோ, உங்கள் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவோ அவரைத்தான் அழைப்பார்கள். சுற்றி வளைத்து, தேன் தடவி, கடைசியில் ஊசியைக் குத்திவிடுவார். அவர் திரும்பி என்னைப் பார்த்து, நல்லா இருக்கியாம்மா என்று கேட்டார். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தேன் என்று சொன்னேன். மாமியார் என் முழங்காலில் கையை வைத்தார். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

வழி முழுக்கத் தாத்தா உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பற்றிச் சொல்லப்போவதை ஒத்திகை பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். மாமா வண்டியை விரட்டினார், அடிக்கடி சூரியனைப் பார்த்தார். இறக்கிவிடுவதில் இவ்வளவு அவசரமா என்று நான் உள்ளுக்குள் பல்லைக் கடித்தேன்.

மணல் முடிந்து முள்செடி தொடங்கும் இடத்தில் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. மரமோ வீடோ இல்லாத வெளி, காற்று மட்டும் ஊளையிட்டது. ஸ்டெப்னி, ஜாக்கி இரண்டும் டிக்கித் தரைப்பலகைக்கு அடியில் இருந்தன. பலகையைத் தூக்க வேண்டுமென்றால் டிக்கியைத் திறந்தாக வேண்டும். மாமா கைப்பிடியை இழுத்தார், குத்தினார், முழங்காலால் இடித்தார். தாத்தா பக்கத்தில் நின்று, பதமாகப் பிடி, பதமாகப் பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டு அவருடைய பேச்சுக்கு மயங்கவில்லை.

டிக்கி மெய்யாகவே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கைப்பிடி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தாலே புரிந்தது. கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவே ஒரு கம்பி போகும். அதன் நுனியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உடைந்து, கம்பி கழன்றிருக்கிறது. வெளியிலிருந்து நாள் பூராவும் இழுத்தாலும் திறக்காது. உள்ளே படுத்து, கதவின் உள்பலகையைக் கழற்றித்தான் பூட்டைத் தொட முடியும். நான் இறங்கி, நான் செய்கிறேன் என்றேன்.

மாமியார் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். காற்று அடிக்கிறது, உட்கார், வேறு வண்டி வரும் என்றார். வண்டி எங்கே வருகிறது? மாமாவும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைதான் என் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது.

"நேரமில்ல. அவளே பாக்கட்டும்" என்று மாமா திருப்புளியை என்னிடம் நீட்டினார்.

"போர்வையத் தொடாத" என்றார் மாமியார். "அது மேலயே படுத்து வேலையப் பாரு."

பின்சீட்டைத் தாண்டி உள்ளே தவழ்ந்தேன். மாமனார் கண்ணெதிரே மருமகள் கால் நீட்டிப் படுக்கக் கூடாதே, அதனால் மாமியார் தன் சால்வையை விரித்துக் கதவோரம் மறைத்துப் பிடித்தார். காற்று அதைப் பிடுங்கியது, அவர் விடாமல் பிடித்தார். உள்பலகையின் ஓரத்தில் திருப்புளியைக் கொடுத்து நெம்பினேன். குமிழ்கள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று விட்டன. பலகையைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே கையை விட்டேன். சில்லென்ற இரும்பு, காய்ந்த கிரீஸ், அதில் பிசைந்த மாதிரி மணல். கம்பி நான் நினைத்தது போலவே கழன்று தொங்கியது.

ஆனால் என் இன்னொரு கை சும்மா இருக்கவில்லை. தொடாதே என்றார்களே, அந்தப் போர்வைக்கு அடியில் போனது. பெட்டி இல்லை. மாவு மூட்டை, சர்க்கரை மூட்டை, அப்புறம் ஒரு பெரிய துணி முடிச்சு. அகப்பட்டது என் பட்டுத்திரை என்று முடிச்சை அவிழ்த்தேன். டிக்கி திறந்ததும் எல்லோர் முன்னாலும் எடுத்து விரித்து, இது என்ன அத்தை என்று கேட்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். விரலுக்குப் பட்டு அகப்படவில்லை. சாதாரணப் பருத்தி. துண்டு துண்டாக, ஒரே அளவில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று மனசு பிடிவாதம் பிடித்திருக்கலாம்.

திருப்புளி நுனியைப் பூட்டின் நெம்புகோலில் வைத்து அழுத்தினேன். அசையவில்லை. அப்பா சொல்லும் இடத்தில், கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் அழுத்தினேன். உள்ளே ஏதோ முறிந்தது. கொக்கி விட்டுவிட்டது. மாமா வெளியிலிருந்து டிக்கியைத் தூக்கித் தோளால் முட்டுக் கொடுத்தார்.

காற்று உள்ளே பாய்ந்தது. போர்வை ஒரு பக்கம் எழுந்தது. நான் அவிழ்த்து வைத்த முடிச்சிலிருந்து துணிகள் கிளம்பி, என் முகத்தில் மோதி, வெளியே பறந்தன. வெள்ளைத் துணி, கைக்குட்டை அளவுக்குக் கிழித்தவை. முள்செடிகளில் போய் ஒட்டின.

எங்களில் ஒருவர் வயது நிறைந்து போய்ச் சேர்ந்தால், வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டுத் துணி கிழித்துக் கொடுப்பார்கள். அந்த ஆயுசு நமக்கும் ஒட்டட்டும் என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெள்ளைத் துணியை இப்படிக் கிழிப்பதற்கு வேறு காரணமே கிடையாது.

நான் டிக்கி விளிம்பில் உட்கார்ந்தேன். கையில் திருப்புளி அப்படியே இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. சர்க்கரைவாய்த் தாத்தா தொப்பியைக் கழற்றினார். மெர்கெக்கு முந்தின கடைசித் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, என் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்வதற்காகத்தான் அவரை அழைத்து வந்திருந்தார்கள். வழி நெடுகச் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றும் அவருக்கு அப்போது வரவில்லை.

"அப்பாவா?" என்று கேட்டேன்.

"நேத்து சாயந்தரம், கண்ணு" என்றார் மாமா. என் புருஷன் வேலையிடத்திலிருந்து நேராக அங்கே வந்துகொண்டிருப்பதாகவும், பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்ய வேண்டியிருந்தாலும் நான் போய்ச் சேரும்வரை எடுக்காமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். சூரியனை ஏன் பார்த்துக்கொண்டே வந்தார் என்பது இப்போது தெரிந்தது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வருஷம் ஆட்டுக்காகவும் புல்லுக்காகவும் முழங்காலுக்காகவும் தள்ளிப் போட்டார்களே என்ற கோபம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"என்னைத் திருப்பி அனுப்புறீங்கன்னு நெனச்சேன்."

மாமியார் முள்செடிகளுக்கு நடுவே குனிந்து ஒவ்வொரு துணியாக எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கைகளில் முள் கீறி ரத்தம் தெரிந்தது.

"திருப்பி அனுப்புறதுக்கா கண் மூடாம துணி கிழிச்சேன்?" என்றார். அப்புறம் குரல் உடைந்தது. "புல்லறுப்பு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிருக்கணும். போன புதன்கிழமையாவது போயிருக்கணும். என் தப்புதான், உல்ஜான்."

அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் அழுதேன். சாலையோரத்தில் உட்கார்ந்து, வயிற்றில் அடித்துக்கொண்டு, ஊரே இல்லாத இடத்தில் வாய்விட்டு அழுதேன். அவர் என்னை அடக்கவில்லை. துணிகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஆண்கள் சக்கரத்தை மாற்றினார்கள். கிளம்பும்போது டிக்கி மூடவில்லை. கொக்கியின் ஸ்பிரிங் முறிந்திருந்தது. அறைந்து அறைந்து பார்த்தார் மாமா, தூக்கித் தூக்கிக்கொண்டு வந்தது. கட்டுவதற்குக் கயிறு இல்லை. அப்பாவாக இருந்தால் எங்கிருந்தாவது ஒரு கம்பித் துண்டு எடுத்துவிடுவார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் தேடினேன்.

மாமியார் மடியிலிருந்து ஒரு துண்டை உருவி என்னிடம் நீட்டினார். நான் தயங்கினேன்.

"பூட்டுக்காரருக்காகக் கிழிச்சதுதானே" என்றார். "ஒண்ணும் சொல்லமாட்டார். கட்டு."

துணியை நீளமாகக் கிழித்து முறுக்கி, கொக்கியின் ஓட்டை வழியாக விட்டு, கீழே இருந்த இரும்பு வளையத்தோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். மெர்கெ போய்ச் சேரும்வரை அது அவிழவில்லை.