சித்திரையில் வெட்டிய வாய்க்கால்

சித்திரை வெயிலில் மழைநீருக்கு வாய்க்கால் வெட்டுகிற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் என் மனைவியாக இருந்து தொலைத்ததுதான் சங்கடம். போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. செடி வைத்து மூன்று வருடம் ஆகிறது, இந்த ஆடியில்தான் முதல் காய் எடுக்க வேண்டும். ஐந்து மாதமாக மழை இல்லை. இலைகள் நுனியிலிருந்து காய்ந்து வந்தன. இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் மூன்று வருட உழைப்பும் அடுப்புக்குத்தான்.

கற்பகம் இரண்டு வருடமாகச் சபைக்குப் போகிறாள். நான் போவதில்லை, அவளைப் போகாதே என்று சொன்னதும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், பைபிளில் வருகிற எலிசா தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசியிருக்கிறார். மூன்று ராஜாக்கள் படையோடு போய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தார்களாம். பள்ளத்தாக்கு முழுக்க வாய்க்கால் வெட்டுங்கள், காற்றும் வராது, மழையும் வராது, தண்ணீர் வரும் என்று எலிசா சொன்னாராம். மறுநாள் காலையில் வந்துவிட்டதாம். திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறும்போது அவள் கையில் இரண்டு மண்வெட்டிகள் இருந்தன.

"மொதல்ல மழை விழுகட்டும்டி. அப்பறம் வெட்டுவோம்."

"விழுந்தப்பறம் வெட்டுறதுக்கு விசுவாசம் எதுக்கு மாமா? கை இருந்தாப் போதும்."

பதினோரு நாள் வெட்டினோம். வெட்டினோம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான், என் பங்கு கால்வாசி இருந்தால் அதிகம். மண் கல்லாகக் கிடந்தது. சரிவுக்குக் குறுக்கே, முழங்கால் ஆழத்துக்கு, ஒன்று நிரம்பினால் அடுத்ததில் விழுகிற மாதிரி வரிசையாக இழுத்துக்கொண்டு போனாள். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்ததும் துணியைச் சுற்றிக்கொண்டாள். ஜெபம் பண்ணுவாளோ என்று பார்த்தால் அதுவும் இல்லை, வேலைதான். ஜீப்பில் கூட வந்தவர்கள், "என்னண்ணே, மீன் வளக்கப் போறீகளா?" என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குப் போய் இறங்கினோம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஓர் இலை அசையவில்லை. மேல் வாய்க்காலில் தண்ணீர் நின்றது. அடுத்ததிலும் நின்றது. அதற்கடுத்தது விளிம்பு வழிந்து, செம்மண் கலங்கி, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. சபையில் எல்லோரையும்விட உரக்க அல்லேலூயா சொல்கிற கற்பகம், தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள்.

தண்ணீர் வந்த வழியே மேலே ஏறினோம். எங்களுக்கு மேலே இருக்கிற எஸ்டேட்டில், பெரிய குழி தோண்டி பிளாஸ்டிக் படுதா விரித்துத் தண்ணீர் தேக்கி வைத்திருந்தார்கள். அந்தக் குளம் காலியாகக் கிடந்தது. ஒரு பக்கம் கரையே இல்லை. வாட்ச்மேன் சோலை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஒத்தக் கொம்பன் யானைண்ணே. வெளுக்குற நேரத்துல தண்ணி குடிக்க வந்துச்சு. கரையில காலை வச்சுச்சு, அம்புட்டுத்தான், படுதா கிழிஞ்சு கரையும் போச்சு. நாலாயிரம் நாத்து நிக்கிது. ரெண்டு நாள் தண்ணி இல்லேன்னா அம்புட்டும் செத்துரும். மொதலாளி என்னய வச்சிருப்பாரா?"

"எங்க வாய்க்கா நெறஞ்சு கெடக்கு," என்றாள் கற்பகம். "வெரசா மோட்டாரக் கொண்டா. நாத்துக்கு வேணுங்கிறத இழுத்துக்க."

நான் அவளைத் தனியே கூட்டிப்போனேன். "கிறுக்காடி ஒனக்கு? கை புண்ணாக வெட்டிருக்க. ஒங் கர்த்தரு நமக்குக் குடுத்த தண்ணி."

"நமக்கு மட்டும்னு எலிசா சொன்னதுல இல்லையே மாமா. மனுசரு, ஆடுமாடு, மிருகம், எல்லாம் குடிக்கத்தான்னு இருக்கு."

கோபத்தில் நான் மட்டும் கீழே இறங்கிவிட்டேன். அப்போதுதான் தடங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முறம் அகலம். யானை தண்ணீரின் பின்னாலேயே எங்கள் தோட்டத்துக்குள் வந்து, வாய்க்கால் வாய்க்காலாக நின்று குடித்திருக்கிறது. என் மூன்று வருடமும் அதன் காலடியில் இருந்திருக்கிறது. ஒன்றரை ஏக்கரையும் சுற்றிப் பார்த்தேன். ஒரு தண்டு ஒடியவில்லை. தரையோடு படர்ந்து கிடந்த பூச்சரம் ஒன்றுகூட நசுங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கையைக் கூப்பினேன்.

மேலே இருந்து சோலை குழாயை உருட்டிவிட்டான். நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு, நிரம்பியிருந்த கடைசி வாய்க்காலுக்கு நடந்தேன். செடியை மிதித்துவிடக் கூடாதே என்று யானையின் தடம் பார்த்துத் தடம் பார்த்துக் காலை வைத்தேன். என் இரண்டு பாதங்களும் ஒரு தடத்துக்குள் அடங்கின. சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.