முன்பக்க நாற்காலி

மாவு உருட்டும் மேசை அவள் இடுப்புக்குத் தாழ்வாக இருந்தது. அவளைவிடக் குட்டையான யாருக்காகவோ செய்தது. குனிந்தபடியே மாவைக் கிள்ளினாள், உள்ளங்கையால் தட்டினாள், பூரிக்கட்டையால் ஓரத்தை மட்டும் மெலிதாக்கினாள். நடு கனமாக இருக்க வேண்டும், ஓரம் காகிதமாக இருக்க வேண்டும். கறியும் முட்டைகோஸும் வைத்து மடிப்பு மடிப்பாகக் கிள்ளி மூடினால் மோமோ. கிழிந்து போனவை ஓரத்துச் சட்டிக்குப் போகும். அதுதான் சமையலறைக்காரர்களின் மத்தியானச் சாப்பாடு. ஆறிய பிறகு, நின்றபடி.

கடையில் எல்லோரும் அவளை மாவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளை அண்ணி என்று கூப்பிடும் ஒரே ஆள், தொட்டியடியில் தட்டு கழுவும் அவள் நாத்தனார். காய் வெட்டுகிறவளுக்குக் கத்தி என்று பெயர். கையில் இருப்பதற்காக வைத்த பெயரா, வாயில் இருப்பதற்காக வைத்த பெயரா என்று யாரும் கேட்டதில்லை.

"நாளைக்கு எந்தக் கடை?" என்றாள் கத்தி, கேரட்டைச் சீவிக்கொண்டே.

"கண்ணாடிக் கடை," என்றாள் மாவக்கா.

தொட்டியில் தட்டு ஒன்று நழுவியது. "அய்யய்யோ அண்ணி, அது பெரிய இடம். நம்மள உள்ள விடுவானா?"

"ஏன், நமக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு?" என்றாள் மாவக்கா.

"கொம்பு இருந்தா பரவால்லடி, வேடிக்கை பாக்கவாவது உள்ள விடுவான்," என்றாள் கத்தி.

அந்தத் தெரு முழுக்க இந்த மாதிரிக் கடைகள்தான். நூடுல்ஸ் கடை, சூப் கடை, ஆவியில் வெந்ததை மூங்கில் பெட்டியோடு கொண்டுவந்து வைக்கும் கடை. காலேஜ் பிள்ளைகளும் ஆபீஸ் ஆட்களும் கையைக் கடிக்காமல் வயிறு நிறையச் சாப்பிட வருகிற தெரு. இவர்கள் கடைக்குச் செவ்வாய் விடுமுறை. ஒரு நாள் கத்திதான் ஆரம்பித்து வைத்தாள். "தெருவே நம்ம கையால தின்னுது. நாம ஒரு நாளாவது நாற்காலில உக்காந்து, ஒருத்தன் கொண்டுவந்து வைக்க, சூடா தின்னிருக்கமா?"  அடுத்த செவ்வாய்க்கிழமை முனைக்கடையில் போய் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. செவ்வாய்க்கு ஒரு கடை. மாவக்கா மாவுத் தோலைப் பார்ப்பாள், கத்தி காயைப் பார்ப்பாள், நாத்தனார் தட்டைத் திருப்பி அடியில் கட்டை விரலால் தேய்த்துப் பார்ப்பாள். முனைக்கடை நூடுல்ஸுக்குக் கத்தி சொன்ன தீர்ப்பு: "நனைஞ்ச ஷூ லேஸ்." மாடிக்கடையில் எலுமிச்சைப்புல் போட்ட சூப்பை மூவரும் கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். "இத ஆக்குனவன் நல்லா இருக்கணும்," என்றாள் நாத்தனார். சமையலறையிலிருந்து தட்டு நீட்டும் துவாரத்தில் ஒரு வியர்த்த முகம் எட்டிப் பார்த்துச் சிரித்தது. கேட்காமலே இன்னொரு கிண்ணம் வந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு என்பது மூவருக்கும் தெரியும். தெருவில் கடை வைத்திருந்தவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. எந்தக் கடை வேலையாளும் தெருவில் எந்தக் கடையின் முன்பக்கமும் உட்காரக் கூடாது. கைப்பக்குவம் திருட்டுப் போகும் என்று காரணம் சொன்னார்கள். வேலையாட்கள் ஒருவரோடொருவர் பேசிவிடுவார்கள், இடம் மாறிவிடுவார்கள் என்பது சொல்லாத காரணம். மாட்டினால் வேலை போகும். மாவக்காவின் புருஷன் லோடு தூக்கி முதுகு பிடித்துப் படுத்திருந்தான். நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவள். அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்த இரண்டு பேர் வேலையில்தான்.

இருந்தாலும் போனார்கள்.

சுவரெல்லாம் கண்ணாடி பதித்த அந்தக் கண்ணாடிக் கடையில் சூப்பர்வைசர் கதவைத் திறந்துவிட்டான். "வாங்க மேடம், எத்தன பேர்?" நாத்தனார் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ சொல்கிறான் என்று. கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தாள். கைவெடிப்பு தெரியக் கூடாதென்று எண்ணெய் தடவி வந்திருந்தாள்.

கத்தி மூங்கில் குச்சிகளை எடுத்துக்கொண்டு போராடினாள். "ரெண்டு குச்சிய வெச்சுக்கிட்டு இத எப்படிப் புடிக்கிறது? கோழி கிளர்ற மாதிரி கிளர்றேன்."

"ஃபோர்க் கேளு," என்றாள் மாவக்கா.

"கேக்க மாட்டேன். இன்னிக்கு இத ஒரு கை பாக்காம எந்திரிக்க மாட்டேன்."

மோமோ வந்தது. மாவக்கா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஐஸ்பெட்டிச் சரக்கு. மிஷின்ல மடிச்சது. எல்லாம் ஒரே மூஞ்சி."

"அப்போ நம்மளுதுதான் ஒசத்தி," என்றாள் கத்தி.

"பின்ன?"

சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்கள். பேச்சுவாக்கில் நாத்தனாரின் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மிச்சத்தை ஒரே தட்டில் வழித்தாள். பெரிய தட்டு அடியில், சின்னது மேலே, கிண்ணங்கள் அதன் மேலே. கரண்டிகளை ஒரு தம்ளரில் போட்டாள். டிஷ்யூவால் மேசையை ஒரே இழுப்பில் துடைத்தாள். அடுக்கை முழங்கையில் ஏற்றிக்கொண்டு எழுந்து, நேராகச் சமையலறைக் கதவைப் பார்த்து நடந்தாள். பாதி வழி போன பிறகுதான் நின்றாள்.

சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, நீங்க எந்தக் கடை?"

 அவன் நாத்தனாரின் கையைப் பார்த்தான், விரலிடுக்கின் வெளுப்பைப் பார்த்தான். "நீ பாத்திரம் கழுவுறவதானே? வேவு பாக்க அனுப்புனாங்களா?" என்றபடி போனை எடுத்துப் படம் பிடித்தான். தட்டுகளோடு நடுக்கூடத்தில் நின்ற நாத்தனாருக்கு அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாவக்கா எழுந்து போய் அவள் கையிலிருந்து வாங்கி, பக்கத்து மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"பில்லு குடுத்தாச்சு. வா, போலாம்."

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே, தெருக் கடைக்காரர்கள் கைமாறி, முதலாளியின் போனில் அந்தப் படம் இருந்தது. அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து அதைத் தூக்கிக் காட்டி முதலில் சிரித்தார்.

"மகாராணிங்க மூணு பேரும் விருந்துக்குப் போயிருக்கீங்க. யாரு கூட்டிட்டுப் போனது?"

நாத்தனாரின் உதடு அசைந்தது. மாவக்கா முந்திக்கொண்டாள். "நான்தான்."

"மத்தியானத்துக்குள்ள நீ அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போற. பின்வாசல்ல நின்னு, அந்த முதலாளிகிட்ட தப்புன்னு சொல்ற. இனிமே இந்தத் தெருவுல எந்தக் கடையிலயும் முன்பக்கம் உக்கார மாட்டேன்னு சொல்ற. சொன்னா வேலை இருக்கு. இல்லன்னா கெளம்பு."

"என்ன தப்புன்னு சொல்லணும்? சாப்ட்டோம், காசு குடுத்தோம். அவன் சோத்துல மண்ணா அள்ளிப் போட்டோம்?"

"வேலைக்காரி கூடத்துல உக்காந்தா கஸ்டமர் எப்படிம்மா வருவான்? அதது இருக்கிற எடத்துல இருக்கணும்." போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "போ. மத்தியானத்துக்கு மோமோ உருட்டிட்டு அப்புறம் யோசி."

உருட்டினாள். வழக்கத்தைவிட அதிகமாகவே உருட்டினாள். கட்டை மேசையில் இடிக்கும் சத்தம் தொட்டிவரை கேட்டது. நாத்தனார் ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, தப்பு என்னோடது. என் கை சும்மா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நான் ஓடிப்போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன். ஒரு வார்த்தைதானே?"

"போனேன்னா காலை ஒடிச்சிருவேன்."

"அண்ணன் அங்க படுத்துக் கெடக்குது அண்ணி."

"உங்க அண்ணனுக்கு முதுகுதான் போச்சு. எனக்கு நேராத்தான் இருக்கு." மாவைப் படாரென்று அறைந்தாள். கொஞ்சம் கழித்துக் குரல் தணிந்து வந்தது. "கேளு. உன்னை அவன் ஒண்ணும் சொல்லல. நீ வாய மூடிட்டு உன் வேலையப் பாரு. ரெண்டு பேரும் தெருவுக்குப் போனா பிள்ளைங்க என்ன திங்கும்? எனக்குக் கை இருக்கு. ஆனா அந்தப் பின்வாசல்ல போயி ஒரு தடவை நின்னுட்டா, அப்புறம் காலம் பூரா அங்கயே நிக்க வேண்டியதுதான்."

கத்தி முட்டைகோஸை வெட்டுவதை நிறுத்தியிருந்தாள். 

மத்தியானக் கூட்டம் சேர்ந்தது. கடைசி உருண்டையையும் மடித்து ஆவிப்பெட்டியில் அடுக்கிவிட்டு, மாவக்கா முன்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். முழங்கைவரை கழுவினாள். நகக்கண்ணில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினாள். தன் பையை எடுத்துக்கொண்டு, பின்வாசல் பக்கம் போகாமல், கூடத்துக்குப் போகும், இருபக்கமும் ஆடும் கதவைத் தோளால் தள்ளினாள். நடு மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு பிளேட் மோமோ," என்றாள் பரிமாறுகிறவனிடம்.

அவன் கல்லாவைப் பார்த்தான். முதலாளி வேகமாக வந்தார். நாலு பக்கமும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் முகத்தில் சிரிப்பு இருந்தது, பல்லிடுக்கில் பேச்சு வந்தது.

"என்ன நாடகம் இது? எந்திரி."

"எதுக்கு?"

"வேலைக்காரி இங்க உக்காரக் கூடாதுன்னு காலைலதானே சொன்னேன்?"

"மன்னிப்பு கேக்கலன்னா வேலை இல்லன்னும் சொன்னீங்க. நான் கேக்கல. அப்போ நான் வேலைக்காரி இல்ல." அவள் குரலைத் தணிக்கவில்லை. "வேலைக்காரின்னா உள்ள போறேன். வெளியாளுன்னா பிளேட்டு வரணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பக்கத்து மேசைப் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி போனை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள். முதலாளி அதைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்தது.

"குடுத்து அனுப்புடா," என்றார்.

சமையலறைத் துவாரத்தில் கத்தியின் முகம் தெரிந்தது. தட்டு வந்தது. மோமோ ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தது, எந்தக் கஸ்டமருக்கும் அந்தக் கடை அப்படிக் கொடுத்ததில்லை. ஆவி முகத்தில் அடித்தது. மாவக்கா ஒன்றை எடுத்துக் கடித்தாள். உள்ளிருந்த சாறு நாக்கைச் சுட்டது. இத்தனை வருஷமாகத் தான் மடித்ததை அவள் முழுசாக, சூடாகச் சாப்பிட்டதில்லை. கண் கலங்கியது. அது சூட்டினால்தான் என்பதுபோல் வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். பிறகு அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி!" என்று துவாரத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"உருட்டுனவளப் போயி கேளு!" என்று உள்ளேயிருந்து கத்தியின் குரல் வந்தது. நாத்தனார் சிரிக்கும் சத்தமும் அழும் சத்தமும் சேர்ந்து வந்தன. அடுப்படியில் யாரோ கரண்டியால் சட்டியைத் தட்டினார்கள்.

காசைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு மாவக்கா எழுந்தாள். முதலாளி கல்லாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முன்பக்கக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது.  இந்தப் பக்கத்துப் படிகளில் அவள் இறங்கியதே இல்லை.

படியடியில் வாட்ச்மேன் ஒரு பெண்ணிடம் பக்கத்துச் சந்து வழியைக் காட்டிக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கமா சுத்திப் போம்மா. பின்வாசல்." முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்துவைத்த பழைய முன்துணி.

"என்ன வேலைக்கு வந்திருக்க?" என்றாள் மாவக்கா.

"மாவு உருட்டக்கா. ஏஜெண்டு அனுப்புனாரு."

"எப்போ சொன்னாரு?"

"நேத்து சாயங்காலமே போன் வந்துருச்சுக்கா. இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல வரச் சொன்னாங்க, காலைல பழைய ஆளு இருக்கும்னு."

 மாவக்கா கதவுக் கண்ணாடி வழியாகக் கல்லாவைப் பார்த்தாள்; காலையில் 'சொன்னா வேலை இருக்கு' என்றவர் அங்கே காசு எண்ணிக்கொண்டிருந்தார்.

"மேசை தாழ்வா இருக்கும். குனிஞ்சு பழகாத, மேசைக்கு அடியில நாலு செங்கல் குடுக்கச் சொல்லு. குடுக்கலன்னா உருட்டாத." அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "சந்துக்கு எதுக்குச் சுத்திப் போற? இதுவும் கதவுதான். தள்ளு."

"ஏய், அந்தப் பக்கம் போகக் கூடாது," என்றான் வாட்ச்மேன்.

"நீ சும்மா இருய்யா."

அந்தப் பெண் படியேறினாள். கண்ணாடிக் கதவின் முன்னால் நின்று, செருப்பைப் பார்த்தாள், உள்ளே சாப்பிடுகிறவர்களைப் பார்த்தாள். கையைத் தூக்கியவள், கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள். பிறகு துப்பட்டா நுனியை விரல்களில் சுற்றிக்கொண்டு, கை ரேகை படாமல் கதவைத் தள்ளினாள்.