மார்லீனிடம் பயிற்சி

மார்லீன் ஃப்யூகேட் எனக்குத் துரோகம் செய்தாள் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேர் அவளிடம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், அவர்களிடம் சொல்லியே பயனில்லை. கிழக்குக் கென்டக்கியில் எங்கள் பள்ளத்தாக்குக்கு டாக்டர் என்று யாராவது வந்தால் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டார். அதனால் எங்களுக்கு வைத்தியம் பார்ப்பதே மார்லீன்தான். அவளும் என்னைப் போல ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவள்தான். வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு முடித்து, நோய் இன்னது என்று தானே முடிவு செய்யவும் மருந்து எழுதவும் உரிமை பெற்றவள். அந்தப் படிப்புக்குப் பெயர் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்.

அவள் படித்த காலத்தில் அவளுடைய சனி, ஞாயிறு டியூட்டியையெல்லாம் நான்தான் பார்த்தேன். பரீட்சைக்கு முன்னால் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்துவைத்துக் கேள்வி கேட்டதும் நான்தான். "நீ படிக்கிறப்போ நான் இருக்கேன்டி ரோண்டா, எதுக்கும் கவலைப்படாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாற்பத்து மூன்று வயதில் நானும் அதே படிப்பில் சேர்ந்தேன்.

பாடமெல்லாம் கம்ப்யூட்டரில். பாடம் எனக்குக் கஷ்டமாக இல்லை, பயிற்சிக்கு இடம் பிடிப்பதுதான் உயிரை எடுத்தது. அந்த இடத்தைப் பல்கலைக்கழகம் தேடித் தராது. நம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்க்கவிட்டு, தப்பைத் திருத்தி, கடைசியில் "இவள் தேறிவிட்டாள்" என்று சொல்ல ஒருவரை நாமே பிடிக்க வேண்டும். நான் ஏறி இறங்காத கிளினிக் இல்லை. நேரமில்லை என்றார்கள், ஏற்கெனவே ஒரு மாணவர் இருக்கிறார் என்றார்கள், சிலர் போனையே எடுக்கவில்லை. எனக்கு முதலில் வாக்குக் கொடுத்த மார்லீனோ வசந்தம் முழுக்க "பாக்கலாம், பாக்கலாம்" என்றே இழுத்தாள். ஜூலையில் திடீரென்று கூப்பிட்டு, "ஆகஸ்ட்லேர்ந்து வாடி" என்றாள். அன்று காரில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். என்னை என்னவென்று சொல்ல!

முதல் நாள் மாணவர்களுக்கான குட்டை வெள்ளைக் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். கிளினிக்கில் நர்ஸ் இல்லை. வேலையை விட்டுப் போய்விட்டாளாம்.

"இன்னிக்கு மட்டும் பிரஷர் பாத்து, ஊசி போட்டுக் குடுத்துடுடி. நாளைக்கு நீயே பேஷன்ட் பாக்கலாம்" என்றாள் மார்லீன்.

மறுநாள் கூட்டம். அதற்கு மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தடுப்பூசி. நான் எடையும் பிரஷரும் பார்த்து, ரத்தம் எடுத்து, நோயாளியைத் தயாராக உட்காரவைத்துவிட்டு வெளியே வருவேன். மார்லீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நானும் உள்ளே வருகிறேன் என்றால், "அடுத்த ரூமை ரெடி பண்ணிடு, அப்புறம் பேசுவோம்" என்பாள். நான் நல்ல நர்ஸ். நான் ரெடி பண்ணினால் அவளுக்கு வேலை பாதி. எனக்கும் கை சும்மா இருக்காது. யாராவது காத்திருந்தால் பொறுக்காத கை.

அக்டோபரில் ஒரு மதியம், சாப்பாட்டு அறையில் பீன்ஸ் சூப்பில் சோளரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். வரவேற்பில் இருக்கும் டிரிஷ் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க வந்தது எங்களுக்கு யோகம்தான் ரோண்டா. ஜூலையில நர்ஸ் வேணும்னு விளம்பரம் குடுக்க இருந்தோம். மார்லீன்தான் தடுத்துட்டாங்க."

"எதுக்குத் தடுத்தா?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ரோண்டா இருப்பா, நர்ஸ் தேட வேண்டாம்னு மேனேஜர்கிட்ட சொன்னாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

சூப்பைத் தள்ளிவைத்தேன். எனக்கு வாசலைத் திறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேனே, அவள் ஒரு காலி இடத்தை நிரப்பியிருக்கிறாள். நேராகப் போய்க் கேட்டேன். மார்லீன் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"ஏண்டி, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு? நானும் உனக்கு உதவுறேன், நீயும் எனக்கு உதவுற. பிடிக்கலன்னா சொல்லு. ஆனா வேற எங்க போவ?"

போக இடமில்லை என்பது எனக்கு அவள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சண்டையை வளர்க்காமல் அடுத்த அறையைத் தயார் செய்யப் போனேன். காரணம், அடுத்த வாரம் லெக்சிங்டனிலிருந்து எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியை அபர்னதி என் பயிற்சியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் கண்ணெதிரே ஒரு நோயாளியை முழுக்க நானே பார்த்துக் காட்டினால் போதும், மார்லீனின் தயவு தேவையில்லை என்று கணக்குப் போட்டேன்.

அவர் வந்த நாளில் எனக்குக் கிடைத்தவர் ஹார்லிஸ் நேப்பியர். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த கிழவர், தீராத இருமல். பேராசிரியை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பிரஷர் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தேன். எத்தனை நாளாக இருமல், சளியின் நிறம் என்ன என்று கேட்டேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கிழவர் தோளில் தட்டிவிட்டு எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்து, "கொஞ்சம் இருங்க ஹார்லிஸ், மார்லீன் இப்ப வந்துடுவாங்க" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யத் தயார்.

"ஏன் கண்ணு, கழுத்துல தொங்குற குழாய என் நெஞ்சுல வெக்காமலே போறியே?" என்றார் ஹார்லிஸ்.

பேராசிரியை எழுந்து வெளியே வந்தார். வராந்தாவில் மார்லீன் நின்றிருந்தாள். ரோண்டா தானே எத்தனை பேருக்கு நோய் என்னவென்று சொல்லியிருக்கிறாள் என்று அவளைக் கேட்டார்.

"தங்கமான நர்ஸ் மேடம், குறையே சொல்ல முடியாது" என்றாள் மார்லீன். "ஆனா முடிவெடுக்கணும்னா பின்வாங்குறா. தேறிட்டான்னு என் மனசாட்சி சொல்ல மாட்டேங்குது."

மனசாட்சியாம்! என் பொறுமை போய்விட்டது. விளம்பரம் நின்ற கதையிலிருந்து சாத்திய கதவுவரை எல்லாவற்றையும் கொட்டினேன். மார்லீன் மறுக்கவே இல்லை. அபர்னதி முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றத நம்புறேன் ரோண்டா" என்றார். "ஆனா கத்துக்காதத கத்துக்கிட்டதா நான் எழுத முடியாது. இங்க செஞ்சது எதுவும் கணக்குல சேராது. வேற இடம் தேடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் போகும்."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் அவர்மேல் கோபப்படக்கூட முடியாமல் நின்றேன். அவருடைய கார் கிளம்பிய சத்தம் கேட்டது. மார்லீன் மருந்து அறைக்குள் போய், ஊசித் தட்டோடு திரும்பி வந்து என்னிடம் நீட்டினாள்.

"மூணாவது ரூம்ல ஊசி போட்டுடுடி, நான் ஹார்லிஸைப் பாக்குறேன். திங்கட்கிழமை ஃப்ளூ ஊசிக் கூட்டம் இருக்கு, சீக்கிரமே வந்துடு."

என் கை நீண்டு தட்டை வாங்கிவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தட்டைத் திரும்ப அவள் கையிலேயே வைத்தேன்.

"ஊசி போடத் தெரியும்ல உனக்கு? மறந்துபோயிருந்தா கேளு, நான் கத்துக் குடுக்குறேன்."

கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இவ்வளவு கூட்டத்துல என்னைத் தனியா விட்டுட்டுப் போறியேடி. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதான் மரியாதையா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. அவளை எனக்கு நன்றாகத் தெரியும், அது நடிப்பில்லை. துரோகம் செய்தது நான்தான் என்றே மார்லீன் நினைத்தாள்.