தில்லையம்மாள் கழுத்தில் இருட்டு

2009 ஆவணியில் சிதம்பரம் போய் எலும்பு ஸ்கேன் எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் திரும்பிய கரும்பு விவசாயி கொளஞ்சியப்பன் பக்கத்தில் யார் நின்றாலும், அவர்கள் உடம்பில் நோவு இருக்கும் இடம் ஜீரோ வாட்ஸ் பல்பு மாதிரி எரிந்தது. எல்லாம் அவர் வீம்பால் வந்தது. ஊசியில் ஏற்றும் கதிர் மருந்து நோவு உள்ள இடமாய்ப் பார்த்து ஒட்டிக்கொள்ளும், கேமராவில் அது வெளிச்சமாய்த் தெரியும், மிச்சம் மூத்திரத்தில் போய்விடும், அதனால் தண்ணீர் குடித்து அடிக்கடி ஒண்ணுக்குப் போங்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். சொந்தக் கொல்லையைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்பது மனுஷனின் முப்பது வருஷக் கொள்கை. கக்கூசுக்குள் போய்க் கை கழுவிவிட்டு வந்து, "ஆச்சும்மா" என்றார். இரண்டு பஸ் மாறிக் கரும்புக் கொல்லைக்கு வருவதற்குள் மருந்து முழுவதையும் உடம்பு குடித்துவிட்டது. ஒரு நாளில் அணைய வேண்டியது அணையவே இல்லை.

அவருக்கு வெறும் முட்டித் தேய்மானம்தான், அது ராப்பகலாய் எரிந்தது. டிராக்டர் ஓட்டும் சுப்புராயன் தன் கிட்னியில் ஏழு கல்லை எண்ணிக்கொண்டு டாக்டரிடம் போனான். சொட்டுகூடத் தொட்டதில்லை என்று சத்தியம் செய்திருந்த கலியமூர்த்திக்கு ஈரல் எரிந்தது, அவன் பெண்சாதி புஷ்பவள்ளி விளக்குமாறு எங்கே என்று கேட்டாள். கொளஞ்சியப்பன் வீட்டுக்காரி தில்லையம்மாள் மட்டும் அவர் கிட்டே வரவில்லை. சோற்றுத் தட்டை நிலைப்படியிலிருந்தே தள்ளிவிடுவாள். கதிருக்குப் பயப்படுகிறாள் என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்து வருத்தப்பட்டார்.

தையில் மகள் சந்திரலேகாவுக்குக் கல்யாணம். தாய்மாமனுக்கு முதல் பத்திரிகையைப் புருஷன் பெண்சாதி சேர்ந்துதான் வைக்க வேண்டும், அதற்கு மாற்று வழி கிடையாது. பண்ருட்டியில் தில்லையம்மாளின் தம்பி பக்கிரி வீட்டில் இரண்டு பேரும் தாம்பாளத்தைப் பிடித்ததும், அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வெளிச்சம் வந்தது.

"அக்கா, கழுத்துல என்னா இது?" என்றான் பக்கிரி.

"ரெண்டு வருஷமா இருக்குதுடா. தெரிஞ்சா மாப்ள வீட்ல பின்வாங்கிடுவாங்க. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

கொளஞ்சியப்பன் தாம்பாளத்தை அப்படியே தரையில் வைத்தார். "நீ இல்லாத கல்யாணத்துல நான் யார் பக்கத்துல நிக்கிறது? கெளம்புடி" என்றார்.

புற்றுதான். நேரத்தோடு வந்தீர்கள் என்று சொல்லிக் கட்டியை எடுத்தார்கள். விசாரிக்க வந்த சம்பந்தி கொளஞ்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார், அவர் வயிற்றிலேயே இரண்டு இடத்தில் வெளிச்சம் வந்தது, காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். கல்யாணம் தையிலேயே நடந்தது.

2012இல் கரண்ட் போன சாயங்காலங்களில் தெருவே இருட்டைத் திட்டும். தில்லையம்மாள் அவரை ஒட்டி உட்கார்ந்து மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டுவாள்.

"பாருய்யா."

"இருட்டுதான்."

அதைக் கேட்ட பிறகு முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் முட்டி வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்க ஆரம்பிப்பாள்.