சாவி இருக்கும் கை

கழுத்து திரும்பவில்லை. பகலெல்லாம் செங்கல் சுமந்த கழுத்து. அந்த வலியோடுதான் தகரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் சங்கக் கூடத்துக்கு வந்தாள்.

பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பாவது முடிக்க வைக்க வேண்டுமென்று சூளைப் பெண்கள் தொடங்கிய சேமிப்புச் சங்கம் அது. பெட்டி பெண்ணிடம் இருக்கும். சாவி அந்த வீட்டு ஆணிடம். பெண் கையில் காசு தங்காதாம். திறப்பது சங்கக் கூடத்தில், எல்லார் முன்னாலும்தான். இவளுக்குப் புருஷன் இல்லை. அதனால் சாவி, சைக்கிள் கடை வைத்திருக்கும் கொழுந்தனிடம் போயிற்று.

கூலி வாங்கிய நாளெல்லாம் பூட்டிய பெட்டியின் துளையில் காசு போட்டுவிட்டு அதைக் காதோரம் குலுக்கிப் பார்ப்பாள். மகள் தூங்கிய பிறகு பேச ஆளில்லாத வீட்டில் அவளுக்குப் பதில் சொன்னது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

நாளைக்குள் பள்ளிக்கூடத்தில் மகளின் ஐந்தாம் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவளுக்கும் சூளைதான்.

கொழுந்தன் தலை குனிந்தபடி பூட்டைத் திறந்தான். சங்கத் தலைவி பெட்டியைக் கவிழ்த்தாள். கொஞ்சம் சில்லறை விழுந்தது. பின்னாலேயே கலகலவென்று சைக்கிள் வாஷர்கள்.

"என்ன தம்பி இது?"

"கடை வாடகை முட்டிக்கிச்சு அண்ணி. நீங்க வேலைக்குப் போனப்ப வந்து எடுத்தேன். அண்ணன் வீட்டுக் காசு வேற, என் காசு வேறயா?"

"உங்கண்ணன் போயி மூணு வருஷமாச்சு. இது என் கழுத்து சம்பாதிச்ச காசு."

"வாஷர் எதுக்குய்யா போட்டே?" என்றாள் தலைவி.

"குலுக்கினா சத்தம் வரணும்ல? அண்ணி மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான்."

"அடேயப்பா, என்னா பாசம்!" என்று ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளே தன் பெட்டியை மெல்லக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"விடும்மா," என்றாள் தலைவி. "பொட்டப்புள்ளதானே, நாலு வரைக்கும் படிச்சிருச்சுல்ல. குடும்பச் செலவுன்னு நெனச்சுக்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒரு கண்ணும் அவள் பக்கம் வரவில்லை. கொழுந்தன் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

"சாவி ஆம்பளைகிட்டதான்னு சங்கத்துல விதி இருக்கு அண்ணி..."

"வாஷருக்கு எதுக்கு ஆம்பளைக் காவல்?"

சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, சூளையில் செங்கல் சுமக்க மகளின் தலையில் சும்மாட்டைச் சரிசெய்து வைத்தாள். சாயங்காலம் சைக்கிள் கடை வாசலில் நின்றாள். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு தினமும் நின்றாள். தினமும் அதையேதான் சொன்னாள்.

"தம்பி, என் மகளுக்கு நீ அஞ்சாம் வகுப்பு பாக்கி."