மேல் எடைப் பிரிவு

அயோவா பள்ளிகளின் மல்யுத்தப் போட்டிக்கு இரண்டே நாள். தன் எடைப் பிரிவில் மோத, டெஸ்ஸா இன்னும் நான்கு பவுண்டு எடை குறைத்தாக வேண்டும். நேற்றிலிருந்து பட்டினியோடு ஓடிக்கொண்டிருந்தவள், ஜிம்மில் கண் இருட்டிச் சுவரோடு சரிந்தாள்.

தோழி மார்னி ஓடி வந்தாள். "காலையிலேருந்து என்னடி சாப்பிட்ட?"

"ஐஸ் கட்டி."

மார்னி தன் வான்கோழி சாண்ட்விச்சை நீட்டினாள். "முழுசா சாப்பிடு. மேல் எடைப் பிரிவுக்கே வந்துடு."

டெஸ்ஸாவுக்குப் பகீரென்றது. "அங்க நீ இருக்கியே! ஒரு பிரிவுல நம்ம ஸ்கூலுக்கு ஒரு இடம்தானே?"

"அதுக்காக நீ சாகணுமா? கோச்கிட்ட சொல்லலாம், வா."

பயம் போகவில்லை. ஆனாலும் ஒரு வாய் கடித்தாள்.

மறுநாள், அந்த ஓர் இடத்துக்காகக் கோச் வைத்த தகுதிச் சுற்றில் இருவரும் மோதினார்கள். ஒரே புள்ளி வித்தியாசத்தில் மார்னி ஜெயித்தாள். டெஸ்ஸா தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்ததும் நன்றாகப் பசித்தது.